பன்னிரண்டே முக்கால்

மலைக்குப் போவதென்றால் திரும்பும் நேரம் ஒன்றை முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் நடைக் குழுவிடம் சொன்னவன் நான்தான். எங்கே நின்றாலும், ஏரி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தாலும், பன்னிரண்டே முக்காலுக்கு எல்லோரும் திரும்பிவிட வேண்டும். ஒருவர் திரும்பினால் இன்னொருவர் அவருடன் இறங்க வேண்டும். ஒக்தோபர் கடைசியில் மலைச்சரிவில் வெயில் சீக்கிரமே போய்விடும். பாதையில் பனி கிடந்தால் இறங்கவும் நினைத்ததைவிடக் கூட நேரம் எடுக்கும். பாரிஸில், லா ஷப்பெல்லில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் கூடியபோது இதை வாசித்துக் காட்டினேன். பதின்மூன்று பேரும் கையை உயர்த்தினார்கள். முதலில் உயர்ந்த கை அவருடையது.

அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறோம். எழுபதை நெருங்குபவர். ரூ லூயி-பிளாங்க் தெருவில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சீனி வருத்தம். குழுவில் பாதிப் பேருக்கு அதுதான். எங்கள் ஆட்களில் பலரைப் பார்க்கும் ஒரு வைத்தியர், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் நடந்து பாருங்கள் என்று சொன்னதில்தான் இந்தக் குழு தொடங்கியது. ஞாயிறு காலைகளில் வில்லெத் கால்வாய்க் கரையில் நடக்கிறோம். நடை முடிந்ததும் நான் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு குறிப்பு எழுதுவேன்: எத்தனை மணிக்குத் தொடங்கினார், எதுவரை போனார், எப்போது திரும்பினார். அவரவர் தன் குறிப்புக்கு நேரே கையெழுத்துப் போடுவார். வைத்தியர் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். ஆட்கள் வாயால் சொல்வதை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. என் பதிவேட்டை நம்புகிறார்.

நான் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையில் வந்து சேரும் இரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பதிவது என் பொறுப்பு. ஒருவருடைய இரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடக் கூடாது. பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூடப் போனதில்லை. வீட்டில், பாரிஸுக்கு வந்த வருடத்திலிருந்து எழுதிய இருபத்து நான்கு நாட்குறிப்புகள் ஒரு தட்டில் வரிசையாக இருக்கின்றன.

அண்ணைக்கு என்னை ஞாபகமில்லை. சென்ற வசந்தத்தில் அவர் குழுவில் சேர்ந்த நாள் என் தோளில் கையைப் போட்டு, தம்பிக்கு எந்த ஊர் என்று கேட்டார். அதற்குப் பிறகும் இரண்டு முறை அதையே கேட்டார். மூன்று முறையும் பதில் சொன்னேன். மூன்றையும் நாட்குறிப்பில் எழுதினேன்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் அவர் ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த அறையில் கேஸ் எழுதிக்கொண்டிருந்தார். அகதி விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சு எழுதத் தெரிந்தவர்கள் அப்போது எங்களுக்குள் குறைவு. அவர் அறைக்குப் போகும் படிக்கட்டில் கீழ்ப்படி வரை ஆட்கள் நிற்பார்கள். நான் என் கதையை நான்கு பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஊரில் என்னை ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு நாட்கள் அடைத்து வைத்திருந்தார்கள். என் கையெழுத்து திருத்தமாக இருந்ததால் அங்கே அடைபட்டிருந்த மற்றவர்களின் பெயர்களைப் பதியும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு நாள் காலையில் எண்பத்திரண்டு பெயர் இருக்கும். மாலையில் எழுபத்தொன்பது இருக்கும். எந்த நாள் எத்தனை பேர், குறைந்தவர்கள் யார் யார். நான் எழுதிக்கொண்டு போனது அவ்வளவுதான்.

அண்ணை முதல் பக்கத்தில் பாதி வரை வாசித்தார். பிறகு நான்கையும் மடித்து என்னிடமே நீட்டினார்.

“இது கேஸ் இல்லைத் தம்பி. இது டயறி.”

அறையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

அடுத்த நாள் விண்ணப்பம் அனுப்புவதற்குக் கடைசி நாள். மாலையில் போனபோது மூன்று பக்கம் தட்டச்சில் தயாராக இருந்தது. ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நல்லாகத்தான் எழுதியிருப்பதாகவும் தபால் கந்தோர் மூட இருபது நிமிடம்தான் இருப்பதாகவும் சொல்லிப் பேனையைத் தந்தார். “நேரமில்லை. கையெழுத்தைப் போடும்.” போட்டேன்.

எனக்கு ஒரு தமையன் இருந்ததும், அவரை வீட்டு வாசற்படலையடியில் என் கண்முன்னே சுட்டுக் கொன்றதும் ஐந்து மாதம் கழித்து அதிகாரியின் மேசைக்கு முன்னால்தான் எனக்குத் தெரிய வந்தது. மொழிபெயர்ப்பாளர் வாசித்துச் சொன்னார். எனக்கு மூன்று அக்காமார். தமையன் கிடையாது. கையெழுத்து என்னுடையது என்பதால் மறுக்கப் பயந்து, ஓம் என்றேன். தமையன் என்ன தொழில் செய்தார் என்று அதிகாரி கேட்டார். ஆசிரியர் என்றேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படலையடியில் சுடப்பட்ட தமையன் அந்த மேசைக்குப் பல தடவை வந்திருக்கிறார் என்பதும், வரும்போதெல்லாம் வேறு வேறு தொழில் செய்திருக்கிறார் என்பதும் பிறகு, என்னைப் போலவே விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களோடு பேசியபோதுதான் விளங்கியது.

ஆறு வருடம் பேப்பர், அதாவது வதிவிட அனுமதி, இல்லாமல் இருந்தேன். பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் ஐந்து பேரோடு ஓர் அறை. ரயிலில் சென்-லசார் நிலையம் வரை வந்து, அங்கிருந்து ரூ லூயி-பிளாங்கில் நான் கோப்பை கழுவிய உணவகத்துக்கு நடப்பேன். மெத்ரோ வாசல்களில் பொலிஸ் மறித்துப் பேப்பர் கேட்கும் என்பதால் நடந்தேன். போக நாற்பத்திரண்டு நிமிடம், வர நாற்பத்திரண்டு நிமிடம். எனக்குப் பேசி வைத்திருந்த பெண் நான்கு வருடம் காத்திருந்தார். ஐந்தாவது வருடம் கலியாணம் செய்து கனடாவுக்குப் போனார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏழாவது வருடம் ஒரு சட்டத்தரணி என் பழைய நான்கு பக்கங்களைக் கேட்டு வாங்கி, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பித்து அனுப்பினார். எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது, பெயர்கள், எல்லாம் அப்படியே. பேப்பர் கிடைத்தது.

ஆகவே கால்வாய்க் கரையில் ஞாயிறுதோறும் அண்ணையின் பின்னால் நடந்தபோது நான் காற்று வாங்க நடக்கவில்லை. அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எதை எப்போது யார் முன்னால் சொல்வது என்று யோசித்தபடி நடந்தேன். களைக்காமல் நடக்கும் கால்களை எனக்குத் தந்தவரே அவர்தான்.

ஒக்தோபர் கடைசியில் வரும் தூசேன் விடுமுறையில் இரண்டு வான் வண்டிகளில் அல்ப்ஸ் மலைக்குப் புறப்பட்டோம். வெள்ளி மாலை அடிவாரத்தில் ஒரு தங்குமிடம். சனி காலை ஏரிக்கு ஏறுவது. இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லோருக்கும் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தேன். கணுக்கால் மூடும் சப்பாத்து, கையுறை, கைத்தடி, இரண்டாவது சோடிக் காலுறை. அண்ணை கால்வாய்க் கரையில் போடும் வெள்ளைச் சப்பாத்தோடு வந்தார். அங்கே நடந்த சப்பாத்து இங்கே நடக்காதா என்று கேட்டார். ஏரியைப் பற்றி அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய மகன், இங்கே பிறந்தவன், அப்பாவால் முடியாது என்று பிரெஞ்சில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறான். ஏரிக்கரையில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன் பார் என்று இவர் தமிழில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

காலை எட்டு நாற்பதுக்குத் தொடங்கினோம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் அக்கா ஒருவர் முன்னால் போனார். நேரம் பார்ப்பவன் கடைசியில் நடக்க வேண்டும் என்பதால் நான் பின்னால். ஒரு மணி நேரத்தில் அண்ணை என்னோடு நின்றுவிட்டார். மற்றப் பதினொரு பேரின் பேச்சும் வளைவுகளுக்கு மேலே ஏறி ஏறிச் சின்னதாகியது. மரங்களின் ஊசியிலைகள் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன. பத்தரை மணிக்குப் பாதையோரத்தில் முதல் வெள்ளை தெரிந்தது. இரண்டு நாளுக்கு முன் விழுந்த பனி. அந்த வருடத்தின் முதலாவது. பதினொரு மணிக்குப் பாதை முழுவதும் பனியாகிவிட்டது. மஞ்சள் ஊசிகள் அதன்மேல் தூவிக் கிடந்தன. அண்ணையின் சப்பாத்து ஒவ்வோர் அடிக்கும் அரை அடி பின்னால் வழுக்கியது.

மாடுகளைக் கீழே கொண்டுபோன பின் வெறுமையாகக் கிடந்த ஒரு கொட்டில் வந்தது. அதன் சுவரோரப் பலகையில் உட்கார்ந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்தோம். அவர் பொரித்த ரோல்ஸ் ஒன்றை எடுத்துப் பாதியை எனக்குத் தந்தார். பழைய காலத்தைச் சொல்லத் தொடங்கினார். பாரிஸில் எத்தனை குடும்பம் அவர் கையால் பேப்பர் எடுத்தது, யார் யார் பிள்ளைகள் இப்போது என்ன படிக்கிறார்கள், ஒரு காலத்தில் படிக்கட்டில் எப்படி வரிசை நின்றது. “இந்தக் கையாலை, தம்பி” என்று கையுறை இல்லாத கையை நீட்டிக் காட்டினார். குளிரில் சிவந்திருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் போதும் என்று பட்டியலில் எழுதியிருந்தேன். பதினான்கு நிமிடம் இருந்தோம். எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் கதைக்கட்டும் என்று விட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறவன் என்பதால் இதையும் எழுத வேண்டும்.

பன்னிரண்டு நாற்பத்து மூன்றுக்கு ஒரு மரப்பலகை வந்தது. ஏரி இருபது நிமிடம் என்று அதில் எழுதியிருந்தது. மேட்டுக்கு அப்பால் எங்கள் ஆட்களின் குரல் தெளிவாகக் கேட்டது. யாரோ ஏரியைப் பார்த்துக் கத்தி எதிரொலி கேட்டுச் சிரித்தார்கள். அண்ணை பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முகம் முழுக்கச் சந்தோஷம். தொலைபேசியை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நின்றேன்.

“நேரம் முடிஞ்சுது அண்ணை. திரும்புவம்.”

“என்ன விளையாடுறீர். அங்கை ஆக்கள் கதைக்கிறது கேக்குது.”

“கேக்குது. பன்னிரண்டே முக்கால்.”

“இருபது நிமிசம் எண்டு போட்டிருக்கு, நான் பத்திலை ஏறுவன். ஒரு போட்டோ மட்டும், தம்பி.”

“நேரமில்லை” என்றேன்.

அந்தச் சொல்லை இருபத்து மூன்று வருடம் வாய்க்குள் வைத்திருந்தேன் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அவருக்கு அது தன்னுடைய சொல் என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார். கை உயர்த்தியது ஞாபகமில்லையா என்று கேட்டேன். அது சும்மா கூட்டத்தில் உயர்த்தியது என்றார். பிறகு தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதை வைக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது; விரல்கள் மரத்துப் போயிருந்தன. எனக்கு வயிற்றுக்குள் சூடாகத் தேத்தண்ணி இறங்கியதுபோல் இருந்தது. பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்.

இறங்கும்போது என் கைத்தடியை அவருக்குக் கொடுத்தேன். விழுந்தால் நான்தான் பொறுப்பு. செங்குத்தான இடங்களில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி அவர் பிடித்துக்கொண்டிருந்தபோது, முன்னால் பாதையைப் பார்த்தபடியே, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மளிகைக் கடைக்கு மேலிருந்த அறை, நான்கு பக்கம், டயறி, தபால் கந்தோர். வருடங்களையும் நிமிடங்களையும் விடாமல் சொன்னேன். முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டார்.

“உமக்கு என்ன எழுதித் தந்தனான்?”

“தமையன். படலையடியிலை.”

அவர் நின்றார். என் முழங்கையை விடவில்லை.

“ஓம். கனபேருக்கு அதைத்தான் எழுதினனான். எனக்கு அதிலைதான் பேப்பர் கிடைச்சது.” பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அது என்ரை தமையன். சைக்கிள் கடை வைச்சிருந்தவர்.”

அவர் பிறகும் ஏதோ சொன்னார். தன் கதை அதிகாரியின் மனதைத் தொட்டது என்றும், ஒருவரைக் காப்பாற்றிய கதை மற்றவர்களையும் காப்பாற்றும் என்று நினைத்ததாகவும், கடைசிவரை அப்படித்தான் நம்பியதாகவும் சொன்னார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. தமையனைப் பறிகொடுத்தவர், அந்தத் தமையனை ஆளுக்கொரு பிரதியாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கேட்கும்போதே என் கோபம் தணிந்துவிடும் என்று ஒரு நொடி பயந்தேன். தணியவில்லை. கூடியது.

சைக்கிள் கடை. தபால் கந்தோர் மூட இருபது நிமிடம் இருந்த அந்த மாலையில் இந்த இரண்டு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? அதிகாரி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். என் கையில் தன் தமையனைத் தந்தவர், அவர் யார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவரைப் பற்றி மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பேன். இதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

“பிறகு கிடைச்சதுதானே, தம்பி” என்றார்.

“கிடைச்சது அண்ணை. டயறிக்குக் கிடைச்சது.”

மூன்றே காலுக்கு இறங்கிச் சேர்ந்தோம். மற்றவர்கள் நாற்பது நிமிடம் கழித்து வந்தார்கள். ஏரியின் ஓரங்களில் மெல்லிய பனிக்கட்டி பிடித்திருந்ததையும் நடுவில் தண்ணீர் கறுப்பாக இருந்ததையும் சொன்னார்கள். தொலைபேசியில் படங்களைக் காட்டினார்கள். நான் பார்க்கவில்லை, பார்த்தால் ஏரியைப் பார்த்ததாக நினைத்துக்கொள்வேன்.

ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் பதிவேட்டை விரித்தேன். ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். அண்ணை கடைசியாக வந்தார். எனக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, யாருக்கும் கேட்காதபடி குனிந்தார்.

“ஏரி வரை எண்டு எழுதிவிடும், தம்பி. இருபது நிமிசம்தானே. டொக்டர் பாப்பார். மகனும் கேப்பான்.”

நான் அவருக்கான குறிப்பை எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியவில்லை போலும், கண்களைச் சுருக்கினார். மூக்குக் கண்ணாடி வான் வண்டிக்குள் கிடக்கிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் கேட்டதை எழுதிவிட்டேன் என்று நம்பியிருக்க வேண்டும். கையைப் பேனைக்கு நீட்டினார்.

“நீர் எழுதினாச் சரியாத்தான் இருக்கும். எங்கை போடுறது?”

பேனையை நான் கொடுக்கவில்லை.

“வாசிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது அண்ணை. நான் வாசிக்கிறன்.”

வாசித்தேன். மேசையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் கேட்கும்படி, பரிசோதனைக் கூடத்தில் குழாய் இலக்கங்களை வாசிக்கும் அதே குரலில். காலை எட்டு நாற்பதுக்குத் தொடங்கினார். கொட்டிலில் பதினான்கு நிமிடம் தங்கினார். நேரம் பார்த்தவர் எழுப்பவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு, ஏரிக்கு இருபது நிமிடம் கீழே, திரும்பினார். ஏரியைப் பார்க்கவில்லை. மூன்றே காலுக்கு இறங்கிச் சேர்ந்தார்.

தாதி அக்கா ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார். சீனி போடாத தேத்தண்ணி. அண்ணை அதைத் தொடவில்லை. பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் எழுதுறீர்” என்றார்.

“ஓம் அண்ணை.”

பேனையைக் கொடுத்தேன். விரலால் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். அது கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது. மற்றவர்களென்றால் திரும்பப் போடச் சொல்லியிருப்பேன். அவருக்குச் சொல்லவில்லை. நேரத்தைக் குறித்துப் பதிவேட்டை மூடினேன்.